மின்சார வண்டி: விலையைப் பார்ப்பதா, ஓட்டத்தைப் பார்ப்பதா?



இன்று எந்த ஊர்க் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும் பச்சை நம்பர் பலகை மாட்டிய வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். ஸ்கூட்டர், கார், ஆட்டோ என்று வந்த மின்சார வண்டிகள் இப்போது லோடு ஆட்டோவாகவும், ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறிய சரக்கு வண்டியாகவும் வந்துவிட்டன. இவற்றைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு பேச்சு உண்டு. “டீசல் செலவே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்பது ஒன்று. “விலை அதிகம், பேட்டரி போனால் வண்டியே போயிற்று, கிட்டேயே போகாதே” என்பது மற்றொன்று.

இரண்டும் அரைகுறைப் பேச்சு. ஒரு சரக்கை வாங்கும்போது நாம் கேட்கும் கேள்வி என்ன? கொள்முதல் என்ன, அடக்கம் என்ன, எத்தனை நாளில் விற்று முதல் திரும்பும் என்பதுதானே? அதே கேள்வியை வண்டிக்கும் கேட்டால் விடை தானே கிடைத்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் நமக்கு என்ன அவசரம் என்று சிலர் நினைக்கலாம். மொத்த வியாபாரத்தில் ஒரு மூட்டைக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிச் செலவு எல்லாம் அந்தச் சிறு தொகையிலிருந்துதான் போக வேண்டும். முன்பு சில்லறைக் கடைக்காரர் மண்டிக்கு வந்து, சரக்கைப் பார்த்து, தாமே வண்டி பிடித்து எடுத்துச் சென்றார். இன்று பெரிய நிறுவனங்கள் செல்போனில் ஆர்டர் எடுத்து, சரக்கைக் கடை வாசலிலேயே இறக்குகின்றன. நாமும் வாசலில் இறக்கினால்தான் வாடிக்கை நிற்கும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு நம் வண்டி எவ்வளவு தின்கிறது என்பது இன்று வியாபாரம் நிற்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயமாகிவிட்டது.

பழைய சங்கதிதான்

மின்சார வண்டி நேற்று வந்த அதிசயம் அல்ல. பிரிட்டனில் கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீடு வீடாகப் பால் பாட்டில் வைத்துப் போன வண்டிகள் பேட்டரியில் ஓடியவைதான். பால்காரர் வண்டிக்கு வேகம் தேவையில்லை. நூறு இடத்தில் நிற்க வேண்டும், நூறு முறை கிளம்ப வேண்டும், தினமும் அதே தெருக்கள், இரவில் டெப்போவுக்குத் திரும்பிவிடும். இத்தகைய வேலைக்கு என்ஜின் வண்டியைவிட மின்சார வண்டி மேல் என்று அந்நாட்டுப் பால் வியாபாரிகள் அப்போதே கண்டுகொண்டார்கள். நம் சரக்கு வண்டியின் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. 1993-ல் ‘லவ்பேர்ட்’ என்ற இருவர் அமரும் சிறிய மின்சாரக் கார் கோவையிலும் கேரளத்துச் சாலக்குடியிலும் தயாரிக்கப்பட்டது. 2001-ல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ கார் வந்தது. இவை பெருமளவில் விற்காமல் போனதற்கு முக்கியக் காரணம் அன்றைய ஈய பேட்டரி. எடை அதிகம், கொள்ளளவு குறைவு, ஆயுளும் குறைவு. 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரி முதலில் கேமராவிலும் செல்போனிலும் பயன்பட்டு, விலை இறங்க இறங்க வண்டிக்கு வந்து சேர்ந்தது. 2005-ல் டீசலில் வந்த டாடா ஏஸ் வண்டி 2022-ல் மின்சாரத்திலும் வந்ததும், 2025-ல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டதும் இந்தப் பேட்டரி மாற்றத்தின் விளைவுகளே.

செலவு ஏன் குறைகிறது?

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி அடங்கியிருக்கிறது. ஆனால் ஊருக்குள் நின்று நின்று போகும் வண்டியில் அதில் சுமார் கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி முக்கால் பங்கு ரேடியேட்டர் சூடாகவும், சைலன்சர் புகையாகவும் போய்விடுகிறது. நூறு கிலோ சரக்கு வாங்கி, எழுபத்தைந்து கிலோவை வழியிலேயே கொட்டிவிட்டு, இருபத்தைந்து கிலோவைக் கடையில் இறக்குவது போல!

மின்சார வண்டியில் சுவரிலிருந்து 10 யூனிட் எடுத்தால், சார்ஜ் ஆகும்போது ஒன்று ஒன்றரை யூனிட் சேதாரம், மோட்டாரில் இன்னும் சிறிது சேதாரம். ஏழு எட்டு யூனிட் சக்கரத்துக்குப் போய்விடும். இதுதான் அடிப்படை வித்தியாசம்.

இதோடு வேறு மூன்று சிக்கனங்களும் உண்டு. முதலாவது, சிக்னலிலோ மார்க்கெட் நெரிசலிலோ வண்டி நிற்கும்போது மோட்டாரும் நின்றுவிடும், செலவு இல்லை. இரண்டாவது, வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் டைனமோ போல வேலை செய்து கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக் கட்டையும் நீண்ட நாள் வரும். மூன்றாவது, என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச், சைலன்சர் என்று மாற்ற வேண்டிய பல சாமான்கள் இதில் இல்லவே இல்லை. டயர், பிரேக், சஸ்பென்ஷன், வீல் பேரிங் ஆகியவற்றுக்கு மட்டும் வழக்கமான செலவு இருக்கும்.

கணக்குப் போடுவோம்

கீழே உள்ளது லோடு ஆட்டோவுக்கான மாதிரிக் கணக்கு. விலைகளைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்பர்கள் தத்தம் ஊர் விலையையும், தம் வண்டி கொடுக்கும் மைலேஜையும் இதில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீசல் லோடு ஆட்டோ: லிட்டருக்கு 25 கி.மீ., டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 80 பைசா.

மின்சார லோடு ஆட்டோ: ஏழரை யூனிட் அளவுள்ள பேட்டரி சரக்குடன் சுமார் 80 கி.மீ. ஓடுகிறது. சார்ஜ் சேதாரத்தையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.11 யூனிட் என்று வைக்கலாம். கடை மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 10 பைசா.

எரிபொருளில் மிச்சம்: கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 70 பைசா.

ஆயில், சர்வீஸ் வகையில் மிச்சம் என்று 50 பைசா சேர்ப்போம். ஆனால் என்றைக்கோ ஒரு நாள் பேட்டரி மாற்ற வேண்டிவரும். அதற்காகக் கிலோமீட்டருக்கு 75 பைசா இப்போதிருந்தே தனியே எடுத்துவைக்க வேண்டும். இதைச் சேர்க்காமல் கணக்குச் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். கூட்டிக் கழித்தால் நிகர மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 45 பைசா.

அடுத்து, டீசல் வண்டியைவிட மின்சார வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் கூடுதலாகப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு 12 சதவீத வட்டி மாதம் 1,000 ரூபாய். மாதம் 25 நாள் வண்டி ஓடுவதாகக் கொண்டு மூன்று வியாபாரிகளின் நிலையைப் பார்ப்போம்.

தினம் 20 கி.மீ. ஓட்டுபவர்: மாதம் 500 கி.மீ.; மிச்சம் 1,225 ரூபாய்; வட்டி போக 225 ரூபாய். கூடுதலாகப் போட்ட 1 லட்சம் திரும்ப 37 ஆண்டுகள் ஆகும். அதாவது, திரும்பாது.

தினம் 60 கி.மீ. ஓட்டுபவர்: மாதம் 1,500 கி.மீ.; மிச்சம் 3,675 ரூபாய்; வட்டி போக 2,675 ரூபாய். முதல் திரும்ப மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

தினம் 80 கி.மீ. ஓட்டுபவர்: மாதம் 2,000 கி.மீ.; மிச்சம் 4,900 ரூபாய்; வட்டி போக 3,900 ரூபாய். முதல் திரும்ப 26 மாதம்.

வண்டி ஒன்றே, விலையும் ஒன்றே. ஒருவருக்கு இரண்டே ஆண்டில் முதல் கைக்கு வருகிறது. மற்றவருக்கு ஆயுள் முழுவதும் வருவதில்லை. ஆகவே “மின்சார வண்டி லாபமா?” என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. “என் வண்டி தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டீசல் வண்டி நின்றால் செலவில்லை, ஓடினால் செலவு. மின்சார வண்டிக்கு முதலையே முன்கூட்டிப் போட்டுவிடுகிறோம். ஓட ஓடத்தான் அது வசூலாகும்.

ஓட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. மதுரை கீழமாசி வீதியிலிருந்து திருமங்கலம் சுமார் 20 கி.மீ. போய்த் திரும்பினால் 40. இது எளிது. மேலூர் சுமார் 30 கி.மீ. போய்த் திரும்பி, இடையில் கடை கடையாக நின்றால் 60, 65 ஆகும். இதுவும் ஒரு சார்ஜில் முடியும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பெரிய பேட்டரி உள்ள வண்டி வேண்டும், அல்லது மதியம் கடையில் ஓய்வாக நிற்கும் ஒரு மணி நேரத்தில் மீண்டும் சார்ஜில் போட வேண்டும். வெளியூர்க் கொள்முதலுக்குத் தினம் 150, 200 கி.மீ. போகிறவர்களுக்கு இந்தச் சிறு வண்டி பயன்படாது.

காருக்கும் அதே கணக்குதான்

சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்க நினைப்பவர்களும் இதே முறையில் பார்க்கலாம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 6 ரூபாய் 67 பைசா வருகிறது. மின்சாரக் கார் சேதாரம் உட்பட 0.17 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 1 ரூபாய் 70 பைசா. ஏறக்குறைய 5 ரூபாய் மிச்சம். ஆனால் விலை வித்தியாசம் 4 லட்சம் என்றால் வட்டியே மாதம் 4,000 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் வட்டி போக 1,000 ரூபாய்தான் மிஞ்சும். மாதம் 2,500 கி.மீ. ஓட்டுபவருக்கு 8,500 ரூபாய் மிஞ்சும். நான்கு ஆண்டில் முதல் திரும்பும். பல கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று வாரண்டி தருவதால் இவர் துணிந்து வாங்கலாம். கடைக்கும் வீட்டுக்கும் கோயிலுக்குமாக மாதம் 500 கி.மீ. ஓட்டுபவர் புகையில்லை, சத்தமில்லை, ஓட்டச் சுகம் என்பதற்காக வாங்கலாமே தவிர, சிக்கனம் என்று சொல்லி வாங்கக்கூடாது.

நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜ் நிலையங்களில் கட்டணம் கடையில் சார்ஜ் போடுவதைவிடக் கணிசமாகக் கூடுதல்; அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஆகவே மேலே சொன்ன மிச்சம் எல்லாம் சொந்த இடத்தில் சார்ஜ் போடுபவர்களுக்கே பொருந்தும்.

வரியும் சலுகையும்

மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 1-8-2019 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது டீசல் சரக்கு வண்டிக்கு 28 சதவீதம். 22-9-2025 முதல் டீசல் சரக்கு வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் 18 சதவீதமாகிவிட்டதால் இடைவெளி குறைந்திருக்கிறது.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வரி விதிப்புள்ள சரக்கை விற்று முறையாக ரிட்டர்ன் தாக்கல் செய்கிற வியாபாரி, சரக்கு வண்டி வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். டீசல் வண்டியின் 18 சதவீதமும் திரும்ப வரும், மின்சார வண்டியின் 5 சதவீதமும் திரும்ப வரும். ஆகவே அவருக்கு வரி வித்தியாசம் பெரிய விஷயமல்ல. விலைகளை வரி நீக்கி ஒப்பிட வேண்டும். ஆனால் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கும், வரி விலக்குள்ள சரக்கு மட்டுமே விற்பவருக்கும் வரவு கிடையாது. அவர்களுக்கு 5க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கைப்பணம். சொந்தக் காருக்கோ பொதுவாக யாருக்கும் இந்த வரவு இல்லை. அதேபோல் டீசலுக்குக் கொடுக்கும் வரியும் எந்தக் காலத்திலும் வரவாகத் திரும்பாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. பதிவுச் சான்றுக்கான கட்டணத்திலிருந்தும் 2021 ஆகஸ்டில் விலக்கு அளித்தது. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. சாலை வரியில் தமிழக அரசும் சலுகை அளித்து வந்திருக்கிறது. இவற்றில் எது நடப்பில் உள்ளது என்பதை வாங்கும் வாரத்திலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பெர்மிட் வேண்டாம் என்பதால் எல்லாமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. எஃப்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் மூன்றும் கட்டாயம். வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓடும் மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளை எழுத்து.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-ல் தொடங்கிய ஃபேம் திட்டம், 2019 முதல் 2024 மார்ச் வரை நடந்த ஃபேம்-2, 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் என்று திட்டங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தொகையும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மானியம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் மானியம் இல்லாமலேயே கட்டுபடியாகும் என்றால்தான் வண்டி வாங்க வேண்டும். நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி இன்றைக்குச் சரக்கைக் குவிப்பவரின் கதி நமக்குத் தெரியாததல்ல.

பேட்டரி என்னும் பாதி வண்டி

மின்சார வண்டியின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குப் போகிறது. ஆகவே பேட்டரியைத்தான் வாங்குகிறோம், வண்டி கூட வருகிறது என்று நினைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி ஒரே நாளில் செத்துப்போவதில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். இன்று 80 கி.மீ. ஓடுவது சில ஆண்டுகளில் 70, பிறகு 65 என்று இறங்கும். ஆகவே தினம் 75 கி.மீ. தேவைப்படுபவர் 80 கி.மீ. வண்டியை வாங்கக்கூடாது, நூறு கி.மீ. போகும் வண்டியைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்துத் தூரம். சரக்கும் மேடும் வெயிலும் சேர்ந்தால் அதில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வதே விவேகம்.

பேட்டரிக்கு எதிரிகள் மூன்று: அளவுக்கு மீறிய சூடு, முழுவதும் காலியாகும்வரை ஓட்டுவது, அதிக பாரம். நம் ஊர் சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் அரைமணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். லோடு ஆட்டோவின் அனுமதிக்கப்பட்ட பாரம் சுமார் 500, 550 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை என்றால் 20 அல்லது 22. “இன்னும் பத்து மூட்டை போடு” என்று டீசல் வண்டியில் செய்கிற பழக்கத்தை இதில் செய்தால் மோட்டார், பேட்டரி இரண்டுமே சூடேறும், தூரமும் குறையும். வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

லித்தியத்திலும் இரும்பு பாஸ்பேட் வகை என்று ஒன்று உண்டு. எடை சற்று அதிகம் என்றாலும் ஆயுள் நீளம், தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. எந்த வகை என்று கேட்டு வாங்கலாம். ஈய பேட்டரி போட்ட மலிவு வண்டியை விலைக்காக வாங்குவது வேண்டாம். மின்சார இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளின் பேட்டரிக்குக் கடுமையான பாதுகாப்புச் சோதனைகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பழைய வண்டியைக் கைமாற்றில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயுள் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர் மீதே சுமத்தியிருக்கின்றன. எனவே பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது.

குடோனில் சார்ஜ் போடும்போது

நமது இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட அனுமதி உண்டு. லோடு ஆட்டோவுக்குப் 15 ஆம்பியர் பிளக் போதும். மூன்று நான்கு மணி நேரத்தில் முழுவதும் ஏறிவிடும். இரவு கடை அடைத்தபின் போட்டால் காலையில் தயார். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் வேளையில்தான் வருகிறது என்பதால் பெரிய இடையூறு இராது. கார் என்றாலோ இரண்டு மூன்று வண்டி என்றாலோ, அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் முறையாக விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. நம் குடோனில் இருப்பது என்ன? சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி. இவற்றுக்கு நடுவே வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடக்கூடாது. காற்றோட்டமான வாசல் பக்கமாகவோ, கூரை போட்ட முற்றத்திலோ தனி இடம் ஒதுக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் மூன்றும் தேவை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகவே கூடாது. வண்டியுடன் தந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் ஆகாது. குடோனுக்குத் தீக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் அங்கு சார்ஜ் போடுவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

ஓட்டம் குறைந்தவர்கள் என்ன செய்வது?

நம்மில் பெரும்பாலோர் தினம் 20, 25 கி.மீ. ஓட்டம் உள்ளவர்கள்தாம். கணக்குப்படி அவர்களுக்கு இது கட்டுபடியாகாது. ஆனால் வழி இல்லாமலில்லை.

ஒரே தெருவில் உள்ள மளிகை மொத்தக் கடையும், எண்ணெய்க் கடையும், பேப்பர் கப் கடையும் சரக்கு அனுப்புவது பெரும்பாலும் அதே சில்லறைக் கடைகளுக்குத்தான். மூன்று வண்டிகள் அரைச் சுமையுடன் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மூவரும் சேர்ந்து ஒரு மின்சார வண்டி வைத்தால் 20 கி.மீ. என்பது 60 ஆகிவிடும். தனித்தனியே 37 ஆண்டில் திரும்பாத முதல், சேர்ந்தால் மூன்று ஆண்டில் திரும்பும். வண்டியை ஒருவர் பெயரில் பதிந்து, மற்றவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கலாம். தினசரி ஓட்டத்தை ஒரு நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் கணக்குத் தீர்த்துவிட வேண்டும். கணக்கு நிலுவையில் நின்றால் வண்டியும் நிற்கும், நட்பும் நிற்கும். சேர ஆள் கிடைக்காதவர்கள் வாடகை வண்டியிலேயே அனுப்புவதுதான் இப்போதைக்கு லாபம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. ஒரு மாதம் முழுவதும் தினசரி எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ பாரம் என்று நோட்டில் குறித்து வாருங்கள். உத்தேசக் கணக்கு உதவாது.

2. நம் சரக்கை ஏற்றி, நம் வழியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

3. வாரண்டிச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

4. இன்றைய தேதிக்குப் புதுப் பேட்டரி விலை என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

5. சர்வீஸ் நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறதா, வண்டி நின்றால் எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்று ஏற்கெனவே வாங்கியவர்களிடம் விசாரியுங்கள். பக்கத்து மெக்கானிக் பட்டறையில் இதைப் பிரித்து மாட்ட முடியாது.

6. கடன் தவணைக் காலம் பேட்டரி வாரண்டிக் காலத்தைவிட நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஓய்ந்த பிறகும் தவணை கட்டும் நிலை வரக்கூடாது.

7. ஜி.எஸ்.டி. வரவையும் தேய்மானத்தையும் எப்படி எடுப்பது என்று வாங்குமுன்பே ஆடிட்டரைக் கேளுங்கள். வரவாக எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது.

அன்பர்களே, புதியது என்பதற்காக ஒன்றை வாங்குவதும், புதியது என்பதற்காகவே ஒதுக்குவதும் வியாபாரிக்கு அழகல்ல. தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பதே நம் தொழில். நாளை காலை கடை திறந்ததும் வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் முதல் வரியை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வாணிபம் செழிக்க வாழ்த்துகள்.